செல்வம் கேட்கும் பாட்டுகள்: வன்னியில் இலட்சுமி வழிபாடு, ஓர் எளிய அறிமுகம்

வட இலங்கையின் வன்னியில் இலட்சுமிக்கென்று தனிக்கோவில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். பிள்ளையார் குளக்கட்டுகளில் இருக்கிறார். ஐயனாரும் வைரவரும் காட்டோரங்களில். நாகதம்பிரான் புதூரிலும் புளியம்பொக்கணையிலும், கண்ணகை அம்மன் வற்றாப்பளையில், தான்தோன்றீஸ்வரர் ஒட்டுசுட்டானில். ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து விளக்கேற்றும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், "லட்சுமி வாற நேரம்" என்றுதான் சொல்வார்கள். நெல் மூட்டையில் கால் பட்டால் "லட்சுமியை மிதிக்கிறாய்" என்று பிள்ளைக்கு ஏச்சு விழும். பட்டியில் பசு கன்று போட்டால் லட்சுமி வந்திருக்கிறாள் என்பார்கள். கோவிலில் தனி இடம் பெரிதாக இல்லாத ஒரு தெய்வம் வீட்டிலும் வயலிலும் பட்டியிலும் இப்படி நிறைந்திருக்கிறது.

பாடசாலையோடு சமய பாடத்தை விட்டவர்களுக்கும், வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கோவிலில் என்ன பாடுகிறார்கள் என்று பிடிபடாமல் நிற்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த வழிபாட்டை விளங்கிக்கொள்ள நேரான வழி அதன் பாட்டுகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தப் பாட்டை எடுத்தாலும் அதனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்தச் செல்வத்தைக் கேட்கிறது? யாருக்காகக் கேட்கிறது?

முதலில் ஆளைச் சுருக்கமாக அறிமுகம் செய்துவிடுகிறேன். இலட்சுமி திருமாலின் தேவி. தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தபோது தோன்றியவள் என்பது புராணம். திருமகள், செய்யாள், தாமரையாள் என்று பழைய தமிழ் அவளை அழைக்கிறது. வள்ளுவருக்கும் அவள் நன்றாகத் தெரிந்தவள். முகம் மலர்ந்து விருந்தினரைக் கவனிக்கிறவன் வீட்டில் செய்யாள் மனம் விரும்பிக் குடியிருப்பாள் என்கிறார்: "அகனமர்ந்து செய்யாள் உறையும் முகனமர்ந்து நல்விருந்து ஓம்புவான் இல்". இன்னொரு குறளில், சோம்பலில் மூதேவி இருப்பாள், சோம்பல் இல்லாதவனின் முயற்சியில் தாமரையாள் இருப்பாள் என்கிறார். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணியாவது கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்று எங்கள் பெண்கள் பிடிவாதமாக நிற்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

இனிப் படத்துக்கு வருவோம். கலண்டரில் பார்த்த இலட்சுமி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தாமரையில் இருப்பாள், ஒரு கையிலிருந்து பொற்காசு கொட்டும். பலர் அந்தக் காசோடு நின்றுவிடுகிறார்கள். இரு பக்கமும் நிற்கும் யானைகளைப் பாருங்கள். துதிக்கையில் குடம் ஏந்தி அவள் தலையில் நீர் சொரிகின்றன. காசு கொட்டும் கையை விட இந்த யானைகள் மிகப் பழையவை. இலங்கையில் முற்காலத்தில் புழங்கிய நீள்சதுர நாணயங்களில் யானைகள் நீராட்டும் இந்த உருவம் வார்க்கப்பட்டிருக்கிறது. தொல்லியலாளர்கள் அவற்றை இலட்சுமி நாணயம் என்றே அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் அவை கிடைத்திருக்கின்றன. நீர் சொரியும் யானைகளை மழைமேகமாகக் கொள்வது பழைய மரபு. மழையை நம்பிக் குளம் கட்டி வாழும் வன்னியில் பிறந்த எவருக்கும் இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை.

சமஸ்கிருதத் தோத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கோவிலில் குருக்கள் சொல்லக் கேட்பவை அவை. மிகப் பழையது ஸ்ரீசூக்தம், இருக்கு வேதத்தின் பிற்சேர்க்கையாக வருவது. பொன்னிறத்தாள் என்று தொடங்கினாலும் அது சீக்கிரமே நிலத்துக்கு இறங்கிவிடுகிறது. சாணம் நிறைந்தவள் என்று அவளைப் போற்றுகிறது. கர்த்தமன், சிக்லீதன் என்று இரண்டு பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, "உங்கள் அம்மாவை என் வீட்டில் இருக்கச் செய்யுங்கள்" என்று கேட்கிறது. அந்தப் பிள்ளைகள் வேறு யாருமல்ல, சேறும் ஈரமும்தான். உழுத வயலில் முழங்கால் புதைய நின்றவருக்கு இது எவ்வளவு பொருத்தமான தோத்திரம்! வீடுகளில் அதிகம் ஒலிப்பது மகாலட்சுமி அஷ்டகமும் கனகதாரா தோத்திரமும். கனகதாரா ஆதிசங்கரர் பாடியதாக மரபு. பிச்சைக்கு வந்த சிறுவனுக்குக் கொடுக்க வீட்டில் ஒரு நெல்லிக்காய் மட்டும் வைத்திருந்த ஏழைப்பெண் அதையே கொடுத்தாள், அவளுக்காக அவர் பாடப் பொன் நெல்லிக்கனிகள் பொழிந்தன என்பது கதை. பாடியவர் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் குறித்துவையுங்கள். இந்த மரபில் இது திரும்பத் திரும்ப வரும்.

தமிழில் தொடங்க விரும்புகிறவருக்கு நான் முதலில் கொடுப்பது ஆண்டாளின் திருப்பாவை மூன்றாம் பாட்டு. மார்கழியில் அதிகாலை பாடுவது. எட்டு வரிதான். "ஓங்கி உலகளந்த உத்தமன்" பேரைப் பாடி நாங்கள் நோன்பு இருந்து நீராடினால் என்ன நடக்கும் என்று அது சொல்லிக்கொண்டு போகிறது. "தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து" என்பது முதல் பலன். தீங்கில்லாத மழை, நாடெல்லாம் மழை. இரண்டையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளம் வந்து வரம்பு உடைத்துப் போகிற மழையை அவள் கேட்கவில்லை. தன் ஊருக்கு மட்டும் பெய்கிற மழையையும் கேட்கவில்லை. அடுத்து, "ஓங்கு பெருஞ்செந்நெல் ஊடு கயலுகள". உயர்ந்து வளர்ந்த செந்நெல்லுக்கு இடையில் கயல் மீன் துள்ளுகிறது. வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மீனை வைத்தே சொல்லிவிடுகிறாள். குவளைப் பூவில் வண்டு நித்திரை கொள்கிறது. பிறகு பசுக்கள்: மடியைப் பற்றினால் குடத்தை நிறைக்கும் "வள்ளல் பெரும்பசுக்கள்". இவ்வளவையும் அடுக்கிய பிறகுதான் கடைசி வரியில் "நீங்காத செல்வம்" என்ற சொல் வருகிறது.

ஆகவே செல்வம் என்று ஆண்டாள் எதைச் சொல்கிறாள் என்று தேடவேண்டியதில்லை. மழை, நெல், மீன், பூ, பால். குளத்துத் தண்ணீரில் வயல் செய்து, காட்டில் மாடு மேயவிட்டு, குளத்தில் மீன் பிடித்து வாழ்ந்த ஒரு வன்னிக் குடும்பத்தின் சொத்துக் கணக்கும் இதுவேதான். பொன் ஒரு குண்டுமணி கூட அந்தப் பாட்டில் இல்லை. எட்டு வரியையும் மனப்பாடம் செய்து, இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ நிரம்பி வான் பாயும் ஒரு மார்கழி நாளில் குளக்கட்டில் நின்று பாடிப் பாருங்கள். விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

வன்னி பெரும்பாலும் சைவ நிலம். "திருமுறையில் இலட்சுமி பாட்டு எது?" என்று புதியவர்கள் கேட்பதுண்டு. தேவாரம் சிவனைப் பாடுவது, அதில் இலட்சுமிக்கெனத் தனிப் பதிகம் தேட வேண்டாம். ஆனால் இல்லாமை வந்தபோது நாயன்மார் கூச்சமில்லாமல் கேட்டிருக்கிறார்கள். திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தரும் அப்பரும் அடியார்களுக்குச் சோறு போட வேண்டும். கோவிலில் ஆளுக்கொரு பொற்காசு நாளாந்தம் கிடைக்கிறது. சம்பந்தரின் காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் கழிக்கிறார்கள், சமையல் பிந்துகிறது. அவர் சிவனிடமே முறையிடுகிறார்: "வாசி தீரவே காசு நல்குவீர்". குறைவு வராத நல்ல காசாகத் தாரும் என்பதுதான் அது. ஊரே சாப்பிடக் காத்திருக்கும்போது கேட்ட காசு.

எனக்கு இன்னும் நெருக்கமானது சுந்தரரின் நெல்லுப் பாட்டு. திருவாரூரில் சுந்தரரின் மனைவி பரவையார் வீட்டுக்குக் குண்டையூர்க் கிழார் நெல் அனுப்பிவந்தார். மழை பொய்த்து விளைச்சல் குறைந்து அவரால் அனுப்ப முடியாமல் போனது. சிவனருளால் குண்டையூரில் நெல் மலையாகக் குவிந்தது. ஆனால் அதை ஏற்றிக் கொண்டுபோக ஆள் இல்லை. சுந்தரர் திருக்கோளிலிக்குப் போய்ப் பாடுகிறார்: "கோளிலி எம்பெருமான் குண்டையூர்ச் சில நெல்லுப் பெற்றேன், ஆளிலை எம்பெருமான் அவை அட்டித் தரப் பணியே". நெல் இருக்கிறது, ஆள் இல்லை, ஏற்றித் தா. வெட்டு மெசின் வருவதற்கு முன் அரிவு வெட்டுக்கு ஆள் தேடி அலைந்த எந்தக் கமக்காரரும் இந்த வரியைக் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். பூதங்கள் இரவோடு இரவாக நெல்லைக் கொண்டுவந்து திருவாரூர் வீதியெல்லாம் நிறைத்தன என்கிறது பெரியபுராணம். விடிந்ததும் பரவையார் செய்ததுதான் எனக்குப் பெரிது. அவரவர் வீட்டு எல்லைக்குள் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார். யாருக்காகக் கேட்டது என்ற இரண்டாம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

சுந்தரரும் சம்பந்தரும் எங்கள் பக்கத்துத் தலம் ஒன்றையும் பாடியிருக்கிறார்கள். மன்னார் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம். பாலாவிக் கரை சுந்தரர் பாட்டில் வருகிறது. வன்னியில் பிறந்த பிள்ளைக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பதிகங்களிலிருந்து தொடங்கினால், பாட்டுக்குள் இருக்கும் ஊர் தன் ஊருக்குக் கிட்ட இருப்பது அதற்கு விளங்கும்.

இப்போது வற்றாப்பளைக்கு வருவோம். இலட்சுமியைப் பற்றிப் பேசும்போது ஏன் கண்ணகை அம்மன் என்று கேட்பீர்கள். சிலப்பதிகாரம் தொடங்கும் இடத்திலேயே இளங்கோ கண்ணகியை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "போதிலார் திருவினாள் புகழுடை வடிவென்றும்". தாமரைப் போதில் இருக்கும் திருமகளின் வடிவு என்று ஊர்ப் பெண்கள் அவளைப் போற்றுகிறார்கள். அவள் இறந்து தெய்வமான பிறகு நடந்ததை, சிலப்பதிகாரத்தின் முன்பகுதியில் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. பாண்டி நாட்டில் மழை இல்லாமல் போனது, வறுமை வந்தது, நோய் வந்தது. அவளுக்கு விழா எடுத்தபின் மழை திரும்பியது. அதைக் கேட்டு இலங்கையின் கயவாகு மன்னன் அவளுக்குக் கோட்டம் அமைத்து ஆடி மாதத்தில் விழா எடுக்க, மழை நிலைத்து, வளம் பல பெருகி, "பிழையா விளையுள் நாடாயிற்று". விளைச்சல் பொய்க்காத நாடு. வன்னியில் அம்மனிடம் கேட்கிற வரம் இந்தச் சில சொல்லுக்குள் அடங்கும். திருமகளிடம் கேட்க வேண்டியதைக் கண்ணகியிடமே கேட்டுவிடுகிறார்கள், அவள் கொடுத்தும் விடுகிறாள். தனிக்கோவில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

வற்றாப்பளைக் கோவில் நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. நந்திக்கடல் என்றதும் இன்று பலருக்கு 2009இல் அங்கே முடிந்த போர்தான் நெஞ்சில் வரும், அதை மறைக்கத் தேவையில்லை. அந்தக் கரையின் கதை அதற்கும் வெகு காலம் முந்தியது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி ஒரு கிழவி வடிவில் அங்கே மாடு மேய்த்த சிறுவர்களிடம் வந்தாள் என்று ஊரார் சொல்வார்கள். பசிக்கிறது என்றாள். பொடியள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், பார்த்தால் தலையெங்கும் கண்கள். பிறகு ஆளைக் காணவில்லை.

அந்த விளக்கு இன்றும் எரிகிறது. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்களில் வரும் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுபோய் அங்கே உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். ஞாயிறு இரவு அங்கே பொங்கல், திங்கள் அம்மன் கோவிலில் பொங்கல். காவடியும் கற்பூரச் சட்டியும் பாற்செம்புமாகச் சனம் இரவிரவாக நடந்து வரும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் இந்த வழிபாட்டோடு வளர்ந்ததே. கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் போனால் கண்ணகி வழக்குரையும் குளிர்த்திப் பாடல்களும் கேட்கலாம். எரிந்த கோபத்தைக் குளிர வைத்தால் மழை வரும், மழை வந்தால் விளையும், விளைந்தால் செல்வம். பாட்டு இந்த ஒழுங்கில்தான் போகிறது. பசித்த கிழவிக்குப் பொடியள் கொடுத்த புக்கையில் தொடங்கிய கதை என்பதையும் வள்ளுவர் சொன்ன விருந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அபிராமி அந்தாதிக்கு ஒரு பந்தியாவது வேண்டும். திருக்கடையூர் அபிராமி பட்டர் பாடியது, நூறு பாட்டு. ஒரு பாட்டின் கடைசி அடுத்த பாட்டின் முதலாக வரும், அதனால்தான் அந்தாதி. 69ஆம் பாட்டு எங்கள் அம்மன் கோவில்களில் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி கேட்பது: "தனம்தரும் கல்வி தரும் ஒருநாளும் தளர்வறியா மனம்தரும் தெய்வ வடிவும் தரும் நெஞ்சில் வஞ்சமில்லா இனம்தரும் நல்லன எல்லாம் தரும்". அன்பர்களுக்கு இத்தனையும் தருவது அபிராமியின் கடைக்கண். தனம் முதலில் வருவதைப் பார்த்துப் பணத்துக்கான பாட்டு என்று நினைப்பவர்கள் அடுத்து வருபவற்றையும் நிதானமாகப் பாட வேண்டும். தளராத மனம், வஞ்சமில்லாத இனம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து பற்றை வெட்டிக் காணி துப்புரவாக்கித் தொடங்கிய குடும்பங்களுக்கு முதலில் கை கொடுத்தவை இந்த இரண்டும்தான். அட்டலட்சுமி என்று எண்ணும்போதும் தனலட்சுமி எட்டில் ஒருத்தி. ஆதி, தானியம், தைரியம், கஜம், சந்தானம், விஜயம், வித்தை என்று மற்ற ஏழு பேர் இருக்கிறார்கள். நெற்கதிர் ஏந்திய தானியலட்சுமியும் தைரியலட்சுமியும் வன்னிக்கு மிக வேண்டியவர்கள் என்று நான் சொல்வேன்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 48 நாள் இதைக் கேட்டால் கடன் தீரும், இதைக் காலையில் போட்டுவிட்டால் பணம் கொட்டும் என்று கைத்தொலைபேசியில் வரும் காணொளிகள் ஏராளம். நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை தவணை கட்ட அல்லாடும் பெண்கள் அவற்றை நம்பிக் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் அப்படி ஒரு வாக்குறுதி தரவில்லை. கடன் இருக்கிற வீட்டுப் பெண் விளக்கடியில் இருந்து "தளர்வறியா மனம்தரும்" என்று பாடும்போது தவணைப் பணம் வந்துவிடாது. அடுத்த நாள் சங்கக் கூட்டத்தில் எழுந்து தன் கணக்கைத் தானே கேட்கும் தைரியம் வரலாம். அதைத்தான் அந்தப் பாட்டு கேட்கிறது, நானும் அதைத்தான் நம்புகிறேன்.

எந்த நாளில் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை விளக்கு எல்லோருக்கும் தெரியும். விளக்கு வைத்த பிறகு உப்போ காசோ அரிசியோ வெளியில் கொடுப்பதில்லை. ஆடி அல்லது ஆவணியில் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியில் வரலட்சுமி விரதம் வரும். பெண்கள் அம்மன் கோவிலில் கூடிக் கும்பம் வைத்துப் பூசை செய்து ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் நூலைக் கையில் கட்டிக்கொள்வார்கள். தீபாவளி அமாவாசையில் இலட்சுமி பூசை செய்வது வட இந்தியாவில் பெரிய வழக்கம். எங்கள் ஊர்களில் அன்று நிறைவுபெறுவது 21 நாள் கேதாரகௌரி விரதம், அது சிவனுக்கும் கௌரிக்கும் உரியது. புதியவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நவராத்திரி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டியது. முதல் மூன்று நாள் துர்க்கை, நடு மூன்று நாள் இலட்சுமி, கடைசி மூன்று நாள் சரஸ்வதி. பாடசாலைகளில், அலுவலகங்களில், வீடுகளில் கும்பம் வைப்பார்கள். வாழையிலையில் நெல்லோ அரிசியோ பரப்பி, அதன்மேல் நிறைகுடம், மாவிலை, முடித் தேங்காய். பக்கத்தில் மண் பரப்பி நவதானியம் விதைத்து நாளாந்தம் தண்ணீர் தெளிப்பார்கள். சுண்டலும் அவலும் பிரசாதம். ஒன்பது நாளும் சகலகலாவல்லிமாலை பாடுவது எங்கள் பாடசாலைகளின் வழக்கம். குமரகுருபரர் சரஸ்வதியைப் பாடிய பத்துப் பாட்டு அது. இலட்சுமியின் மூன்று நாட்களில் அதோடு நின்றுவிடாமல் ஆண்டாளின் பாட்டையோ அந்தாதியில் ஒன்றையோ சேர்த்துப் பாடினால் நன்றாக இருக்கும், ஆசிரியர்கள் இதை யோசிக்கலாம்.

காலத்தையும் கவனியுங்கள். நவராத்திரி புரட்டாசியில். அப்போது குளங்கள் அடிவற்றிக் கிடக்கும், மாரி இன்னும் தொடங்கியிராது. காலபோக விதைப்புக்கு விதைநெல் மூட்டையில் காத்திருக்கும். அந்த நேரத்தில் கும்பத்தடி மண்ணில் ஒன்பது தானியமும் முளைத்து நிற்கும். மண் வறண்டு கிடக்கும்போது ஆண்டாளின் பாட்டு வரம் கேட்கும் பாட்டு. தை பிறந்து தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கும்போது, முதல் கதிரைக் கொய்து வந்து சாமியறையில் வைக்கும்போது, அது நன்றி சொல்லும் பாட்டாக மாறும். ஏறக்குறைய நான்கு மாத இடைவெளியில் அதே பாட்டை இரண்டு முறை பாடிப் பார்த்தவருக்கு இரண்டும் இரண்டு பாட்டாகவே இருக்கும்.

பாடத் தொடங்குகிறவருக்கு நடைமுறையில் சில. முதலில் பிள்ளையாரைப் பாடுங்கள். சீர் பிரித்து அச்சிட்ட புத்தகம் எடுங்கள், "கயலுகள" என்பது கயல் உகள என்று பிரிந்தால்தான் நாக்குக்கும் மனதுக்கும் வரும். ஒரு கிழமைக்கு ஒரு பாட்டு போதும். பொருள் தெரிந்த ஒருவரிடம் வரி வரியாகக் கேளுங்கள். ஊர்க் கோவிலில் ஓதுகிற ஐயாவோ சமய பாட ரீச்சரோ சந்தோசமாகச் சொல்லித் தருவார்கள். குரல் நன்றாக இல்லை என்று தயங்க வேண்டாம். கோவிலில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வதுதான் எங்கள் முறை, உங்கள் குரல் எல்லோர் குரலோடும் போய்விடும்.

கோவிலில் பூசை முடியும் நேரம் பஞ்சபுராணம் பாடுவார்கள்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். அதன் பின் திருப்புகழும் கடைசியில் வாழ்த்தும் வரும். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்து வாழ்த்து அது. "வான்முகில் வழாது பெய்க மலிவளம் சுரக்க மன்னன் கோன்முறை அரசு செய்க குறைவிலாது உயிர்கள் வாழ்க" என்று போகும். முதலில் முகில் தவறாமல் பெய்ய வேண்டும், பிறகு வளம் சுரக்க வேண்டும், பிறகு ஆட்சி முறையாக நடக்க வேண்டும், பிறகு எந்த உயிரும் குறைவின்றி வாழ வேண்டும். புதிதாக வருகிறவர் முதலில் மனப்பாடம் செய்யவேண்டியது இந்த நான்கு வரிதான். எல்லாச் சைவக் கோவில்களிலும் கேட்கும், எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், அடுத்த வெள்ளிக்கிழமையே நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.